குகநேசன் கேட்டதற்கு

வாங்கலாம்.
நீ கேட்டது அவ்வளவுதான்,
அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண்ணூற்றெழுபது டொலர், வரி தனி.
மேலே பூட்டும் தூரக்கண்ணாடி இன்னொரு நானூறு.
இதைவிட மலிந்தது தோளை உடைக்கும்.
விலைகூடியதை ரெய்யோ வைத்திருக்கிறான்,
வால்நட் மரப்பிடி.
மழை தூறினால் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு
தான் நனைந்துகொண்டு வருவான்.
என்னுடையது பிளாஸ்டிக். தட்டினால்
வெறும் பால்மாப் பேணி மாதிரிக் கேட்கும்.
அழகில்லை.
நனையும், விழும், ஒரு முறைப்பாடும் இல்லை.

தாழ்ப்பாள் முதல் வருடம் முரண்டு பிடித்தது.
தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து
வெறுமனே திறந்து பூட்டி, திறந்து பூட்டி
ஒரு முழு ஹொக்கிப் பருவம் போனது.
சுகிர்தா எழும்பி அறைக்குள் போய்விடுவாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
கிளிநொச்சிக்காரியிடம் அதையெல்லாம் கேட்பதா?
'துவக்கு' என்ற சொல்லே எங்கள் வீட்டில் இல்லை,
கட்டளை போலவும் கேட்கும் அந்தச் சொல்.
'உங்கட சாமான்' என்பாள்.
'உங்கட சாமானைப் பூட்டியாச்சோ?'
பூட்டியாச்சு. தோட்டா வேறு அலுமாரி. திறப்பு வேறு.
இப்போது இரண்டு விரலால் தள்ளினாலே தாழ்ப்பாள் போகிறது.

குளிருக்குக் கவனம்.
அட்டிக்கோக்கனில் மைனஸ் இருபத்திரண்டு என்றால்
கடைக்காரன் தந்த எண்ணெய் உள்ளே பாகாய் இறுகும்.
ஒருநாள் 'டிக்' என்றது, வெடிக்கவில்லை.
முழுக்கத் துடைத்தெடு, காய்ந்தபடி இருக்கட்டும்.
தோட்டாக் கூட்டைக் கையுறையோடு கழற்ற ஏலாது.
நாலு பிடிக்கும் என்று பெட்டியில் இருக்கும்,
மூன்றோடு நிறுத்து.

குறி?
நூறு மீற்றரில் மூன்று குண்டும்
ஒரு இரண்டு டொலர்க் காசுக்குள்.
என் திறமை என்று நினையாதே,
கையெழுத்துப் போட்டாலே எனக்குக் கோணும்.

இனி விசை.
எல்லோரும் புகழ்வது இதைத்தான்.
நினைத்தாலே போதும், போய்விடும் என்பார்கள்.
உண்மை.
அதுதான் கரைச்சல்.

போன வருடத்துக்கு முந்தின நவம்பர், புதன்கிழமை.
மர ஆலையில் இரவு வேலை முடித்து நேரே போயிருந்தேன்.
பிர்ச் மரங்களுக்கிடையில் பக்கவாட்டாக நின்றது,
கொம்பில் மூன்று கிளை,
மூக்கிலிருந்து ஆவி.
சீட்டு இருந்தது. நேரம் இருந்தது. காற்றும் என் பக்கம்.
சுடுவமா, விடுவமா,
இன்னும் கொஞ்சம் பார்ப்பமா என்று
யோசித்துக்கொண்டிருந்தேன், குகன்,
யோசித்துக்கொண்டேயிருக்க
தோளில் இடித்தது.
துவக்கு துவக்கிவிட்டது.
நான் இன்னும் தொடங்கவேயில்லை.

நாற்பது அடி ஓடி விழுந்தது.
நெஞ்சுக்குள் சரியாகப் போயிருந்தது.
'சுத்தமான வேலை' என்று ரெய்யோ கை தந்தான்.
கை குடுத்தேன், வேறென்ன செய்ய.
சுகிர்தா மிளகும் பெருஞ்சீரகமும் கூடப்போட்டுப் பிரட்டினாள்.
இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்,
ருசியில் ஒரு குறையும் இல்லை.
பாவம் பார்க்கிறேன் என்று நினைக்காதே.
இருபத்தேழு வருடம் இந்த நாட்டில்
ஒவ்வொரு படிவத்திலும் நானே கையெழுத்திட்டவன்.
அந்த ஒன்றில் மட்டும்
யாரோ என் பெயரைப் போட்டுவிட்டது மாதிரி.

அடுத்த ஞாயிறு பிடியைக் கழற்றினேன்.
விசைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி,
அரிசி அளவு.
புத்தகத்தில் சொன்ன எல்லைக்குள் இரண்டு சுற்று இறுக்கினேன்.
இப்போது இழுக்க வேண்டும்.
இழுக்கையில் ஓரிடத்தில் முட்டி நிற்கும்,
அரை மூச்சு நேரம்.
அந்த இடம்வரை போய்
இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறேன்.
ஒருமுறை வரவில்லை, அதன் இறைச்சிதான்
நீ போன மாதம் இங்கே சாப்பிட்டது.

குறி கொஞ்சம் விரிந்துவிட்டது, மறைக்கவில்லை.
காசுக்குள் விழுந்தது
இப்போது கோப்பியின் மூடியளவு.
மான் அதைவிடப் பெரிது.

வாங்கு.
அந்தத் திருகாணிக்குரிய சாவி மட்டும்
பெட்டிக்குள் வராது.
என்னிடம் ஒன்று கிடக்கிறது,
தண்டர் பேக்குத் திரும்ப முதல்
மறக்காமல் வாங்கிக்கொண்டு போ.