பொது முகடு

வீட்டை நடுவில் அறுத்தபோது
வக்கீல் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்.
அடுப்படி ஹனுஸுக்கு, மாடிப்படி எனக்கு.
அப்பாவின் ஏணி என் பங்கு,
துளைப்பான் அண்ணன் பங்கு.
கூரைக்கு ஒரே வரிதான்:
அவரவர் பக்கம் அவரவர் பொறுப்பு.
அவர் டென்மார்க்கிலிருந்து வந்தவர்.
ஃபாரோவில் காற்றுக்குப் பக்கம் கிடையாது என்று
யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசி.
உருளைக்கிழங்கு விலை சொல்லும் அதே குரலில்
வானொலிப் பெண் சொன்னாள்:
சனி இரவு, வடமேற்கு,
நொடிக்கு நாற்பத்தைந்து மீட்டர்.

ஊர் எதையெதையோ கட்டத் தொடங்கியது.
படகுகளைக் கவிழ்த்தார்கள்.
குப்பைத் தொட்டிகளுக்குள் கல் வைத்தார்கள்.
போன வருடம் டிராம்போலினைக் கடலுக்குக் கொடுத்த மார்னர்
புதியதைக் கழற்றிக் கட்டிலடியில் தள்ளிவிட்டு
வாசலில் வந்து நின்றார்,
டிராம்போலின் என்றால் என்னவென்றே தெரியாதவர்போல.

புதன்கிழமை நான் ஏறினேன்.
கயிற்றின் ஒரு முனை புகைபோக்கியில்,
மறுமுனை என் இடுப்பில்.
திருகாணிகளை ஒவ்வொன்றாய்க்
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.
ரப்பர் வளையம் வெடித்தவை முப்பத்தெட்டு.
துளைப்பான் இல்லை, கையால்தான்.
மறுநாள் மீன் ஆலையில்
கத்தி பிடிக்க மாட்டேன் என்றது மணிக்கட்டு.
நீர்த்தாரையிலிருந்து அள்ளியவை:
ஆட்டு ரோமம், கடற்காகத்தின் விலா எலும்பு,
பச்சை பிளாஸ்டிக் சிப்பாய் ஒருவன்.
ஹனுஸுடையவன், துப்பாக்கியை இழந்திருந்தான்.
கோட்டுக்கு அப்பால் அவன் தாரையில் போட்டேன்.

வியாழன் அவன் ஏறினான்,
தேவாலயத்தில் இரவல் வாங்கிய ஏணியில்.
அரை நாள் துளைப்பான் சத்தம்.
என் பச்சைத் தகரம் தொடங்கும் இடத்தில்
அவன் சிவப்பு நின்றது,
சத்தமும் நின்றது.

மிச்சம் ஒன்றுதான்.
நடுச்சுவருக்கு நேர் மேலே ஒரு முகட்டுத் தகடு,
ஒரு முழம் அங்கே, ஒரு முழம் இங்கே.
ஆறு திருகாணி.
அவன் மூன்றைப் போடாமல்
என் மூன்றால் என்ன பயன் என்று விட்டேன்.
அவனும் அதே கணக்குத்தான் போட்டிருப்பான்.
ஒரே வாத்தியாரிடம் கணக்குப் படித்தவர்கள் நாங்கள்.

சனி இரவு ஒன்றரைக்குத்
தகடு பல்லைக் கடிக்க ஆரம்பித்தது.
இரண்டு மணிக்குத்
தாளம் தப்பிய அடி.
சுவருக்கு அந்தப் பக்கம்
அவன் கட்டில் கிறீச்சிட்டது.
புரண்டு படுத்தான். நானும் புரண்டேன்.
இரண்டே முக்காலுக்கு வீடு ஒருமுறை
மூச்சை உள்ளே இழுத்தது.
கம்பளிக் காலுறையோடு பரணுக்கு ஓடினேன்.

பரண் தடுப்பு வெறும் பலகை.
இடுக்குகளில் அவன் விளக்கு வெளிச்சம்.
மூச்சிரைப்பு, கெட்ட வார்த்தை ஒன்று,
பிறகு பலகை இடுக்கு வழியே
ஒரு கம்பி முனை
என் பக்கம் வந்து காற்றில் தடுமாறியது.

பிடித்தேன்.
காலியான திருகாணித் துளையில் கோத்து இழுத்து
என் கைமரத்தில் மூன்று சுற்று.
அந்தப் பக்கம் அவன் இழுத்தான்.
வலித்தது. விடவில்லை.
தகடு இருமிவிட்டு அடங்கியது.
இருவரும் அங்கேயே இருந்தோம்,
விளக்கை அவன் அணைக்கும்வரை.

ஞாயிறு காலை மார்னர் வீட்டுக் கோழிக்கூண்டு
பாதிரியார் தோட்டத்தில் கிடந்தது.
எங்கள் முகடு இருந்தது.
ஹனுஸ் என்னைத் தாண்டிப் போனான்,
தபால் பெட்டியைத் தாண்டிப் போவதுபோல.

செவ்வாய்க்கிழமை கதவடியில் ஒரு சீட்டு.
சுன்வாவுக்கு.
துத்தநாகக் கம்பி, உன் பக்கத்தில்
இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர்.
பதினேழு குரோனா ஐம்பது.

என் பக்கம் எவ்வளவு போயிற்று என்று
இடுக்கு வழியாக எப்படி அளந்தான்?
பரணேறி நானும் அளந்து பார்த்தேன்.
இரண்டு மீட்டர் நாற்பது.

பதினேழு ஐம்பதை மட்டும்
சில்லறையாக எண்ணி உறையில் போட்டேன்.