சாவியை லீவியோவிடம் கொடுங்கள்

பூந்தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள்.
திருடனும் முதலில் அங்கேதான் பார்ப்பான்.
எதிரே முடிதிருத்தும் கடை, லீவியோ.
சாவியைக் கொடுத்தோமா, வந்தோமா என்றிருங்கள்.
வானிலை பற்றி வாயெடுத்தால்
அரை மணி நேரம் போய்விடும்.

வெந்நீர் வர நூறுவரை எண்ணவும்.
லிஃப்டின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தவும்,
இல்லையென்றால் நின்ற மாடியிலேயே
கோபித்துக்கொண்டு கிடக்கும்.
சன்னல் கொக்கி மட்டும் விளையாட்டல்ல.
மேட்டிலிருந்து போரா இறங்கும் நாளில்
கொக்கி போடாத சன்னலைப்
பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும்.

திரியெஸ்தேயில் குடை வாங்காதீர்கள்.
காற்றடித்த மறுநாள் குப்பைத்தொட்டிகளைப் பாருங்கள்:
கம்பி விரிந்து, தலைகீழாக,
செத்த வௌவால்கள் மாதிரி அத்தனை குடைகள்.

காப்பிக்கு எங்களிடம் தனி அகராதி.
'நேரோ' என்றால் கறுப்பு, சின்னக் கோப்பையில்.
'காப்போ' என்றால் அதன் தலையில் கொஞ்சம் பால்நுரை.
'காப்போ இன் பி' அதுவேதான், கண்ணாடித் தம்ளரில்.
ரோமில் பழகிய பெயரை இங்கே சொன்னால்
வேறொன்று வரும். வந்ததைக் குடியுங்கள்.
நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் ஒரு விலை.
பெரிய சதுக்கத்தில் உட்கார்ந்தால்
கடலுக்கும் சேர்த்து பில் வரும்.

பர்கோலாவுக்கு ஆறாம் எண் பஸ்.
டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் வாங்கி
ஏறியதும் மெஷினில் குத்துங்கள்.
குத்தாத டிக்கெட் வெறும் காகிதம்.
பரிசோதகர் ஸோரா என்னோடு படித்தவள்,
எனக்கே அபராதம் போட்டவள்.
இறங்கியதும் மணல் எங்கே என்று கேட்காதீர்கள்.
நடைபாதைச் சிமெண்டில் துண்டு விரித்து
மதிய இடைவேளையில் வக்கீல்கள் காய்ந்துகொண்டிருப்பார்கள்.
தாண்டிப் போங்கள், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

பழைய கலங்கரை விளக்கத்தருகே ஒரு குளிதுறை.
நடுவே வெள்ளைச் சுவர்.
ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.
சில்லறை போதும்.

*

மேலே உள்ளது வருகிற எல்லாருக்கும் அச்சடித்தது.
இது பேனாவால், உங்களுக்கு.

பதிவில் இரண்டு பேர் என்றிருந்தது.
ஒருவர்தான் மாடியேறினார் என்றான் லீவியோ.
(வானிலையை நான்தான் கேட்டுவிட்டேன்.)
காரணம் கேட்க மாட்டேன்.
பணத்தில் பாதியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
இரண்டாம் தலையணையை எடுக்கவில்லை,
முதுகுக்கு ஆகும்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டது:
இருபத்திரண்டு கோடை நானும் துல்லியோவும்
அதன் இரண்டு பக்கமும் கிடந்திருக்கிறோம்.
பசித்தால் ஒரு விசில்.
பீச் பழம், வண்டிச் சாவி,
ஒருமுறை அவனுடைய மூக்குக்கண்ணாடி,
எல்லாம் சுவர் தாண்டிப் பறந்திருக்கின்றன.
சாயங்காலம் வாசலில் பார்த்துக்கொள்வோம்,
தலை ஈரமாக,
அப்போதுதான் அறிமுகமானவர்கள் போல.
பேச்சு நின்றுபோனதெல்லாம்
சுவரில்லாத இந்த வீட்டில்தான்.

சுவர் தண்ணீருக்குள் கொஞ்ச தூரம்தான் போகும்.
அதற்கு அப்பால் நீந்தினால்
எந்தப் பக்கமும் இல்லை.
சிவப்பு மிதவையைத் தாண்ட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மேலே கார்ஸ்ட் ஊர்களுக்குப் போங்கள்.
சாலையோரம் சிவப்பு அம்பு, மேலே ஓர் இலைக்கொத்து
தொங்கினால் அந்த வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு:
அவித்த முட்டை, பன்றி இறைச்சி, சொந்தத் திராட்சை மது.
தனி மேசை கிடையாது, நீள பெஞ்சுதான்.
யாராவது நகர்ந்து இடம் விடுவார்கள்,
முட்டை உரித்தபடி பேச்சுக்கொடுப்பார்கள்,
ஸ்லோவேனிய மொழியிலும் கொடுப்பார்கள்.
பதில் சொல்ல வேண்டும் என்றில்லை.
உப்பை நகர்த்தி வைத்தால் போதும்.

திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும்
போகும்போதே கேட்டுவிடுங்கள்.

நெரீனா