கட்டைவிரல் காட்டும் பக்கம்

சனிக்கிழமை இங்கே வேலை வைக்காதே.
அது சவுனா சூடேறும் நாள்.
நீராவி கதவிடுக்கில் கசிந்து வந்து
உடைமாற்றும் அறை மேசையில் படுத்திருக்கும் இறக்கையை
ஈரத் துண்டைப் பிழிவதுபோல் முறுக்கிவிடும்.
டிசம்பரில் ஒன்று அப்படிப் போயிற்று.
வெள்ளி இரவே, குண்டூசி குத்திய பலகையோடு
மாடிக்குத் தூக்கிப் போ.

பகலில் நான் பற்கள் செய்பவள்.
கயானி ஊரில் பலர் என் கடைவாய்ப்பற்களால்தான்
கம்பு ரொட்டி மெல்கிறார்கள்.
ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு
நாக்குக்குத் தெரியும்,
காற்றுக்கும் தெரியும்,
யல்மாரிக்குத்தான் தெரியாது.
பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவர்,
உலகத்தையே மீட்டரில் பார்க்கிறவர்.
எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு விமானம்.

வரைபடத்தின் மேல் ரொட்டி சுடும் தாளை விரி.
இல்லாவிட்டால் பசை
வரைபடத்தையும் கூட்டிக்கொண்டு பறக்கப் பார்க்கும்.
பால்சாக் கட்டையைக் கையில் ஏந்தி எடை பார்.
நிலநடுக்கோட்டுக் காட்டில் மழை குடித்து
அவசரமாய் வளர்ந்த மரம்,
பனியை இப்போதுதான் பார்க்கிறது.
கனத்தது இறக்கையின் நடுத்தண்டுக்கு,
தக்கைபோல் இருப்பது வாலுக்கு.
வாலில் ஒரு கிராம் கடன் வாங்கினால்
மூக்கில் மூன்று கிராம் ஈயம் வட்டி.

எட்டு விலா வெட்டியதும் பிளேடை மாற்று.
மழுங்கிய கத்தி வெட்டாது, நசுக்கும்.
பிளேடு ஒன்று ஒரு காப்பியை விட மலிவு என்று சொன்னால்
யல்மாரி எழுந்துபோய்க் காப்பி ஊற்றுகிறார்.

எபாக்சிப் புட்டிகளை
வெந்நீர்க் கிண்ணத்தில் பத்து நிமிடம் நிறுத்து;
குளிரில் அது உறைந்த தேன், பாதிதான் கலக்கும்.
கொஞ்சம் போதும்.
பிதுங்கி வழிவது பிடிப்பதில்லை, கனப்பது மட்டுமே.
உடனடிப் பசைக்கு ஜன்னலைத் திற.
வெளியே மைனஸ் இருபத்திரண்டா?
இருந்தாலும் திற.

மேலுறைத் தாளுக்கு
நடுவிலிருந்து ஓரத்துக்கு இஸ்திரி போடு,
பெட்டிக்குப் பழைய பருத்திக் காலுறையை மாட்டி.
சுருக்கம் விழுந்தால் சூட்டை ஏற்றாதே.
இன்னொரு முறை போ, இன்னும் மெதுவாக.

இத்தனையும் செய்தோம்.
மார்ச்சில், உறைந்த ஏரியின் மேல்,
சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குக்கட்டை மாட்டி,
பேட்டரியைக் கடைசி நொடிவரை என் அக்குளில் அடைகாத்து,
இரண்டு விரல் நுனியில் தூக்கி எடைநடு பார்த்து,
முப்பது எட்டு விலகி நின்று ரேடியோ கேட்கிறதா என்று பார்த்து.
மடல்கள் அசைகின்றனவா என்றேன்.
அசைகின்றன என்றார்.
அசையத்தான் செய்தன.
எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

ஆறு நொடி.
வலது என்றேன், இடது என்றது.
இன்னும் வலது என்றேன்,
இன்னும் இடது.

பனித்துளையருகே குந்தியிருந்த தூண்டில்காரர்
மூக்குத் துண்டை எடுத்துவந்து கொடுத்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
இரண்டு பெர்ச் மீனும் கொடுத்தார்.

கம்பிகளை மாற்றிச் செருகியது நான்தான்,
பத்தில் ஒரு பங்கு தெரிந்த நான்.
யல்மாரி மூன்று நாள் அதைப் பற்றிப் பேசவில்லை.
நான்காம் நாள்,
சாலையோரப் பனிக்கம்பத்தில் சுற்றும் ஒளிர்நாடாவில்
ஒரு நகத்துண்டு கிள்ளி வந்து
வலப்பக்கக் கம்பியில் ஒட்டினார்.
பிறகு இயக்கியின் குச்சிமேல்
கட்டைவிரலை நிமிர்த்தி நிறுத்திச் சாய்த்துக் காட்டினார்:
விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ
அந்தப் பக்கத்து மடல் மேலே எழ வேண்டும்.
இவ்வளவுதான்.
லாரிக்காரருக்கு இது எப்போது தெரிந்தது என்று
நான் கேட்கவில்லை. அதையும்.

சிதறலை மேசையில் பரப்பிப் பார்த்தேன்.
ஒட்டிய இடம் ஒன்றுகூட விடவில்லை;
ஒட்டுக்குப் பக்கத்து மரம்தான் பிளந்திருக்கிறது.
பல் செய்பவளுக்கு இது போதும்,
மீனைப் பொரித்துச் சாப்பிட்டோம்.

இன்று வெள்ளி.
புது இறக்கை, ஒன்பதாவது விலா.
பிளேடை மாற்றுகிறேன்.