பதினைந்து ஆம்பியர்

சமையலறைச் சுவரில் இருப்பதெல்லாம் ஐந்து ஆம்பியர்.
சூரமங்கலத்தில் இந்த ரயில்வே குவார்ட்டர்ஸைக் கட்டியவர்
ஓவன் என்றொரு பொருளைக் கனவிலும் கண்டதில்லை.
ஆகவே எங்கள் ஓவன்
குளியலறை வாசலில், முக்காலி மேல்,
கீஸரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் இடத்தில்.
பாஸ்தா வேகும் நாளில் வெந்நீர் கிடையாது.

பயிற்சிக்குப் பெங்களூரு போனபோது
கோகிலவாணி ஒரு கடையில் தின்றாளாம்.
நானூற்று எண்பது ரூபாய், உள்ளங்கை அளவு கிண்ணம்.
மேலே பழுப்பாய் ஒரு தோல், உடைத்தால் உள்ளே பால்,
கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாய்க் கூடவே வருமாம்.
எவ்வளவு தூரம் வரும் என்று
கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினாள்,
நான் ஓடிப்போய் ஃபேனை அணைத்தேன்.

வெண்ணெய் உருகியதும் மைதா.
மைதாவின் வாசம் மாறியதும் பால், கொஞ்சம் கொஞ்சமாக.
கட்டி தட்டும் என்று வீடியோவில் மூன்று பேர் பயமுறுத்தினார்கள்.
கேழ்வரகுக் களி கிண்டிய கைக்கு
இதெல்லாம் ஒரு கட்டியா.
பகலெல்லாம் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன்;
மாவு எப்போது பசையாகும், எப்போது வம்பு பண்ணும் என்று
என் மூக்குக்கே தெரியும்.

சீஸ் ஐந்து ரோட்டில் வாங்கியது.
டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
சித்திரை வெயிலில் பாதி வழியிலேயே அது
சமையலைத் தொடங்கிவிட்டது.
துருவ வரவில்லை, பிய்த்துப் போட்டேன்.
இருநூறு கிராம் போதும் என்றது குறிப்பு.
போதும் என்ற சொல்லை
அவள் விஷயத்தில் நான் நம்புவதில்லை.
முழுக் கட்டியும்.

மேலே தூவ ரொட்டித்தூள் இல்லை.
தட்டுவடை இருந்தது, நேற்று செட்டுக்கு வாங்கியதில் மிச்சம்.
நொறுக்கினேன். யாரையும் கேட்கவில்லை.

ஓவனுக்குள் போகிற பாத்திரம் வீட்டில் ஒன்றுதான்,
கல்யாணத்துக்கு வந்த, விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு.
நடுவில் புள்ளிப் புள்ளியாய் வெட்டிய எழுத்து:
மு. செங்கோட்டுவேல் குடும்பத்தார், தாரமங்கலம்.
அவள் பக்கத்துச் சொந்தம் என்று நான் நினைத்திருந்தேன்,
என் பக்கம் என்று அவள்.
ஆறு வருடமாக யாரும் உரிமை கோராத அந்த மனிதரை
வெந்த குழாய்களாலும் வெள்ளைக் குழம்பாலும்
மூடினேன்.

பத்தரைக்கு வரவேண்டிய சரக்கு வண்டி.
பன்னிரண்டுக்கு லாபியில் கேட்டேன்.
"லோக்கூர்ல லூப்ல போட்டிருக்காங்க சார்,
மூணு எக்ஸ்பிரஸ் தாண்டணும்."
ஓவனுக்குள் விளிம்பு கொதித்தது,
நடு உப்பியது, நிறம் ஏறியது,
பிறகு மெல்ல அமிழ்ந்தது.
அணைத்தேன்.
ஒரு மூலையை மட்டும் சுரண்டித் தின்றேன்.
சரி, இரண்டு மூலை.

மூன்று நாற்பதுக்குக் கதவு.
தோள்பை இறங்கும் முன்னே அவள் மூக்கு உள்ளே போய்விட்டது.
"குளிக்கலையா?"
"பச்சைத்தண்ணிதானே, எங்க போயிடப் போகுது."
மறுபடி சூடாக்கியதில் இறுகிப்போச்சு என்று
முன்னாலேயே சொல்லி வைத்தேன்.
கரண்டியைத் தூக்கினாள்.
நூல் வரவில்லை.
ஒரு பாளம் அப்படியே பெயர்ந்து வந்தது, செங்கல் மாதிரி.
மென்றாள். இருட்டில் மொறு மொறு.
"மேல என்னது இது?"
சொன்னேன்.
சிரிப்பு புரையேறி, கண்ணில் நீர் வந்து,
தலையில் தட்டிக்கொண்டு மறுபடி தட்டைப் பிடித்தாள்.
மூன்று மணி நேரம் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள்
அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை.

முதலில் 'குடும்' தெரிந்தது.
பிறகு 'மங்கலம்'.
ஒட்டிக்கிடந்த கருகலைச் சுரண்டிச் சுரண்டி
முழுப் பெயரையும் வெளியே எடுத்தாள்.
"நாளைக்கு எனக்கு ரெஸ்ட்," என்றாள்,
விரலை நக்கியபடி.
"பஸ்ல போனா ஒரு மணி நேரம்.
யாருங்க நீங்கன்னு கேட்டுட்டு வந்துடலாமா?"

கீஸர் பிளக்கை மாட்டப் போனேன்.
முக்காலி மேல் ஓவன்
இன்னும் தொட முடியாத சூட்டில் இருந்தது.