ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு ஐந்து

கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே
ஒரு தெரு, ஒரு தண்டவாளம், ஒரு சுவர்.
ஆனாலும் எனக்குக் கடல்
கூரியரில்தான் வருகிறது.
ஏழு கிலோ வாளி,
மூடியில் பவளப்பாறைப் படம்.

"இன்னா மாப்ள,
இத்தாம்பெரிய உப்புத்தண்ணி பக்கத்துல கெடக்குது,
நீ காசு குடுத்து உப்பு வாங்கி
கேன் தண்ணியில கலக்குற."
அருளப்பன், ஜெசிந்தாவின் அண்ணன்,
காசிமேட்டில் விசைப்படகு டிரைவர்.
ராயபுரத்து இந்த வீட்டில்
ஜன்னலோரக் கட்டில் அவனுடையது.
நான் வந்து பதினாலு மாதம்.

ஒருமுறை அவன் பேச்சைக் கேட்டு
வார்ப்பு ஓரம் ஒரு குடம் மொண்டு வந்தேன்.
டியூப்லைட் அடியில் வைத்தால்
மேலே டீசல் மயில்கழுத்தாய் நெளிந்தது.
கழிவறையில் கொட்டிவிட்டு
குடத்தை மூன்று நாள் தேய்த்தேன்.

முதல் ஆறு வாரம் தொட்டியில் மீனே இல்லை.
கல், மணல், பம்பு,
அழுகட்டும் என்று போட்ட ஒரே ஒரு இறால்.
காலிக் கண்ணாடிக்கு எதுக்கு ராத்திரியெல்லாம் கரண்டு
என்றாள் ஜெசிந்தா.
குழாயில் சொட்டு விட்டுக் காட்டினேன்.
பச்சை, அதாவது அமோனியா.
இது மஞ்சளாகணும்.
கண்ணுக்குத் தெரியாததுங்க முதல்ல குடிவரணும்.
"அதுங்க வாடகை தருமா?"

அப்புறமும் அவசரம்.
வாங்கியது ஒற்றை நீல டாம்சல்,
கட்டைவிரல் நீளம்.
கொளத்தூர் இர்ஷாத் பொட்டலம் கட்டும்போதே சொன்னார்:
"இது சாவாது சார். அதான் இதுல பிரச்சின."

பத்து நாள் கழித்து ஒரு ஜோடிக் கோமாளி மீன்.
விட்ட அரை மணியில் ஒன்றுக்கு வால் கிழிந்தது.
மற்றது
பம்புக்குப் பின்னால் நின்றபடியே தூங்கியது.
மூன்றடித் தொட்டி,
மூன்றடியும் முதலில் வந்தவனுக்கு.

இர்ஷாத் போனில்:
"அவன தூக்கி ஓரமா வைங்க.
கல்ல பூரா இடம் மாத்துங்க.
அஞ்சு நாள் போவட்டும்,
லைட்ட அணைச்சிட்டு உள்ள விடுங்க.
அவனுக்கும் அது புது வீடு ஆயிடும்."

தூக்கி வைப்பதாம்!
வலைக்குச் சிக்கவில்லை.
கல்லையெல்லாம் வெளியே எடுத்து
முழங்கை வரை மணல் கலங்கி,
கடைசியில் அருளப்பன் வெறுங்கையால் பிடித்தான்.
"டன் கணக்குல அள்ளுறேன்,
ஒண்ணு ஆட்டம் காட்டுதே."
ஜெசிந்தா கீரை அலசும் கூடையில் போட்டு
தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டோம்.

ஆறாம் நாள் காலை
டாம்சல் தன் மூலையைத் தேடிச் சுற்றியது.
மூலை இல்லை.
அந்த வாரமே ஜெசிந்தா
பீரோவை நகர்த்தி
கட்டில்களைத் திருப்பிப் போட்டாள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மே மாதம். தடைக்காலம்,
படகு கயிற்றில் கிடந்தது, அருளப்பன் வீட்டில்.
ராத்திரி ஒன்றே முக்காலுக்குக் கரண்டு போயிற்று.
பேட்டரி பம்பு கால் மணி இருமி அடங்கியது.
தண்ணீர் முப்பத்தொரு டிகிரி.
ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு
செம்பால் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன்.
மூன்று மீனும் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின,
டாம்சலும் கோமாளிகளும் ஒரே பக்கமாய்,
சண்டைக்கு மூச்சில்லாமல்.

தோள் விட்டுப்போனபோது
பின்னாலிருந்து ஒரு கை செம்பை வாங்கியது.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
அவன் ஊற்ற ஆரம்பித்தான்.
நாலு மணி வரை மாற்றி மாற்றி.
மோட்டார் உறுமியதும்
விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.

"சப்புன்னு இருக்கு மாப்ள."

சிரித்துக்கொண்டே மானியில் ஒரு சொட்டு வைத்து
விளக்குக்கு நேராகப் பிடித்தேன்.
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு இரண்டு.
சாயங்காலம் நான்தான்
நல்ல தண்ணி கூட ஊற்றியிருந்தேன்.

அவன் உப்பு வாளியைத் திறந்து
இரண்டு கையாலும் அள்ளப் போனான்.
இல்ல மச்சான், ஒரேடியா ஏத்தக்கூடாது,
தாங்காது.
இன்னிக்கு ஒரு புள்ளி.
நாளைக்கு ஒண்ணு.