நாலு விரல்

கேற் செய்கிறவன் நான்.
கனடாக் காசு வரும் வீடுகளுக்கு
மயில், தாமரை, ஒருக்கால் ஈபிள் கோபுரம்கூட
இரும்பில் வளைத்திருக்கிறேன்.
ஆட்டுக்கென்று எதுவும் வளைத்ததில்லை.

மாரி ஓய்ந்த கிழமை
அல்லைப்பிட்டிச் சந்தியில் என் பட்டறைக்கு
ஜெசிந்தா வந்தாள்.
நாற்பத்தொரு செம்மறி, அதில் பதினேழு நொண்டி.
குளம்பிடுக்கில் அழுகல்.
டொக்டர் வந்து மூன்றுக்கு ஊசி போட்டாராம்,
நாலாவது அவரைப் பூவரசோடு சாய்த்ததாம்.
"இண்டைக்கு இந்தத் தரவை, நாளைக்கு அந்தத் தரவை.
தூக்கிக்கொண்டு போற மாதிரி ஒண்டு செய்."

தூக்கிக்கொண்டு போற மாதிரி.
இரவு முழுக்க அந்தச் சொல்லை நிறுத்துப் பார்த்தேன்.
இரும்புக்குப் பிடிக்காத சொல்.

ஏலத்தில் எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஆறு,
தலைமாட்டில் இன்னும் அழியாத வெள்ளை எண்களோடு.
தண்ணீர்த்தாங்கி நின்ற ஆங்கிள் கால்கள்.
பழைய லுமாலாவின் இரண்டு றிம்.
கரண்ட் நின்ற நேரமெல்லாம்
அரத்தால் விளிம்பு ராவினேன்.
தட்டிக்குத் தட்டி பிணைச்சல்,
பிணைச்சலுக்கு உருவி எடுக்கக்கூடிய கம்பி.

ஜெசிந்தா ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தாள்.
ஐந்தாவதை இறக்கி வைத்தாள்.
"இதில உன்ர கொழுப்பு கூடக் கிடக்கு."
பார்த்தால், பழக்கதோஷம்,
நடுவில் ஒரு தாமரை ஒட்டியிருக்கிறேன்.
அறுத்தெடுத்தேன்.

சனிக்கிழமை தரவையில் விரித்தோம்.
முதல் மறி பாதி ஒழுங்கைக்குப் போய்
நின்று, யோசித்து,
வட்டமாய்த் திரும்பி வந்து என்னைப் பார்த்தது.
நாலு விரல் அகலம் கூடிப்போச்சு.

கொழுத்த மறியின் விலாவைக் கயிற்றால் அளந்து
ஒடுக்கிக்கொண்டு வந்தேன் ஞாயிறு பின்னேரம்.
இப்போது திரும்ப முடியாது.
ஆனால் போகவும் இல்லை.
தகரம் தட்டினோம், கத்தினோம்,
ஜெசிந்தா அந்தோனியாரைக் கூப்பிட்டாள்.
நாற்பத்தொன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
வாசலிலேயே ஒரு கம்பளிக் குவியல்.

அவற்றை விலக்கிவிட்டு
நானே முழங்காலில் நுழைந்தேன்.
அவள் சிரித்தாள், கொஞ்ச நேரம்.

உள்ளே
கம்பிக்குக் கம்பி வெயில் வெட்டி வெட்டி விழுந்தது.
இடப்பக்கம் நாயின் கால்கள்.
வலப்பக்கம் லான்ட்மாஸ்டரின் சைலன்சர் மினுங்கல்.
மேல் சட்டத்தின் நிழல் நிலத்தில் குறுக்கே,
கிடங்கு மாதிரிக் கறுப்பாய்.
கடைசியில் நான் அடித்த முழுத்தகரக் கதவு:
அதற்கப்பால் உலகம் இல்லை.

இப்படி ஒரு ஒடுக்கத்தில் நின்றிருக்கிறேன்.
அடையாள அட்டையைப் பல்லில் கவ்வி,
கை இரண்டும் மேலே,
முன்னால் போனவர் அந்தப் பக்கத்தால்
வெளியே வந்தாரா என்று தெரியாமல்.

பின்பக்கமாய் ஊர்ந்து வெளியே வந்தேன்.
முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு
"பக்கத்துக்குத் தகரம் வேணும்,
கதவில இருக்கிற தகரம் வேண்டாம்" என்றேன்.
அவள் ஏன் என்று கேட்கவில்லை.

றோட்டுத் திட்டம் முடிந்தும் நின்ற பலகை ஒன்று
இடப்பக்கச் சுவராயிற்று.
கதவில் தகரம் கழற்றி வலை அடித்தேன்.
வலைக்கு அப்பால் ஒரு குட்டியும் ஒரு பிடி கிளுவைக் குழையும்
கட்டி வைத்தோம்.
மேல் சட்டத்தை அறுத்து எறிந்தேன்.

வியாழன் காலை
நொண்டிகளில் ஒன்றுதான் முதலில் போனது.
பிறகு மற்றது. பிறகு மற்றது.
'பயனாளிகள்: 214 குடும்பங்கள்' என்ற எழுத்தை
கம்பளி உரசிக்கொண்டே போனது.
குளம்பு வெட்டி, மருந்து தோய்த்து, ஊசி போட்டு
டொக்டர் பத்தரைக்கே தேத்தண்ணி கேட்டார்.
முடித்து வெளியே விட்ட கிடாய் ஒன்று
வாசலுக்குச் சுற்றிவந்து
மறுபடி வரிசையில் நின்றது.

கூலியில் பாதி தந்தாள்.
மீதி பங்குனியில், குட்டியாக.

இந்தக் கிழமை மண்கும்பானில் ஒரு வீட்டுக்காரர்
ரொறன்ரோவில் இருந்து எடுத்துச் சொல்கிறார்,
கேற்றில் ஓட்டை வேண்டாமாம்,
முழுத்தகரம், அடிமுதல் நுனிவரை.
சரி என்றேன்.
முழங்கால் உயரத்தில்
நாலு விரல் விட்டிருக்கிறேன்.
கேட்டால், காற்றுக்கு என்பேன்.