காரணம்: வெயில்

முதல் பாட்டில் வெடித்தது
வைகாசி ஏழு, இரவு ஒன்றேகால்.
பாகூர் ஏரிப்பக்கம் யாரோ வேட்டுப் போடுகிறார்கள் என்று
புரண்டு படுத்தேன்.
மூன்றாவதற்கு எழுந்தேன்.
வேட்டுக்கு இந்த வாசம் வராது:
ஈர ரொட்டி, அதில் கொஞ்சம் நார்த்தங்காய்த் தோல்.

அந்துவான் ஷெட்டிலேயே படுக்கிறவன்.
தலையில் ஹெல்மெட், மார்பில் சணல் சாக்கு,
வாசலில் நின்றிருந்தான்.
இருபத்துமூன்று நாளாகப் பேச்சில்லை எங்களுக்குள்.
வங்கித் தவணை, அவன் அக்கா வீட்டுப் பத்திரம்,
யாரைக் கேட்காமல் யார் கையெழுத்து என்று
எங்கோ தொடங்கியது.
பேசாமலே மால்ட் ஊறியது,
பேசாமலே கொதித்தது,
பேசாமலே நானூறு பாட்டிலில் நிரம்பியது.

காற்றடைக்கும் எந்திரம் வாங்க எங்களுக்கு வக்கில்லை.
லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை கொடுத்து
மூடியை அழுத்திவிட்டால்
இருட்டில் ஈஸ்ட் அதைத் தின்று மூச்சு விடும்.
அந்த மூச்சைத்தான் ஊரில் நுரை என்கிறார்கள்.

"சக்கரை எத்தினி போட்ட?"
"ஆறு."
"எப்போ?"
"காலைல. நீ மூட்டை எறக்கப் போனப்போ."
ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை.
"நானும் ஆறு. மத்தியானம்."

உள்ளே இன்னொன்று வெடித்தது.

இருப்பது ஒரு ஹெல்மெட்.
மீன்பெட்டி மூடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு
நான் பின்னால் போனேன்.
அவன் மூடியை நெம்புவான், அது சீறும்,
அடங்கும்வரை நிற்போம், நான் திரும்ப அழுத்துவேன்.
"ம்."
"ம்."
விடியும்போது முந்நூற்றுப் பதினொன்று மிஞ்சியது.
சாக்கடையில் வழிந்ததை நக்கிய இரண்டு நாய்கள்
டெம்போவுக்கு அடியில் கால் நீட்டிக் கிடந்தன.

பத்து மணிக்குக் கலால் சார் வந்தார்.
"ஒடஞ்சதுக்கும் கணக்கு வேணும்மா.
முள்ளோடை தாண்டி கடலூருக்கு ஒண்ணும் போவலியே?"
"கழுத்தெல்லாம் இங்கதான் இருக்கு சார், எண்ணிக்குங்க."
எண்ணினார். மூடி கழலாத எண்பத்தொன்பது கழுத்து.
மிஞ்சியதில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"அடியில என்ன அழுக்கு?"
"கசண்டு சார்," என்றான் அந்துவான்.
"உள்ள வேலை பாத்தவங்க."

படிவத்தில் 'காரணம்' என்ற இடம் அரை அங்குலம்.
'சர்க்கரை' என்று எழுதிவிட்டு
அடுத்த சொல் கிடைக்காமல் நின்றேன்.
பேனாவை வாங்கி அதை அடித்து
'வெயில்' என்று போட்டான்.
பிடரியைத் துடைத்தபடி சார் தலையாட்டினார்,
கையெழுத்தும் போட்டார்.

பதினெட்டாம் பேட்ச் நேற்று மூடினோம்.
டிரம்முக்கு மேல் ஒரு சிலேட்டு தொங்குகிறது இப்போது.
'போட்டாச்சு' என்று இருந்தது,
'ச்'சுக்குப் புள்ளி இல்லாமல்.
அந்துவான்தான்.
புள்ளியை நான் வைத்தேன்.